பள்ளிகளில் கணினி எழுத்தறிவு

கணினி எழுத்தறிவு என்பது, கணினி எப்படி இயங்குகிறது என்று தெரிந்து, அதைத் தன் வேலைக்கு ஏற்ப இயக்கி, அது தரும் விடை சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் திறன். வேகமாகத் தட்டச்சு செய்வதும் கைப்பேசியைச் சரளமாகக் கையாள்வதும் இதன் சிறு பகுதிகளே. உலக அளவில் இக்கருத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இந்தியப் பள்ளிகளில் இது 1984-85இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இக்கல்வியின் பொருளை, கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் ஊர்களை வைத்துப் பார்க்கும்போது அதன் தேவை தெளிவாக விளங்கும்.

கருத்தின் தோற்றம்

1960களின் தொடக்கம் வரை கணினி, விஞ்ஞானிகளுக்கும் பெரிய அலுவலகங்களுக்கும் உரிய கருவியாக இருந்தது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்கள் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964இல் பேசிக் என்னும் எளிய நிரல்மொழியை உருவாக்கினர். அறிவியல் படிக்காத மாணவரும் கணினியை இயக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். பிற்காலத்தில் பள்ளிகளுக்கு வந்த சிறு கணினிகள் பெரும்பாலும் இந்த மொழியோடுதான் வந்தன.

1967இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே லோகோ மொழியை அமைத்தனர். திரையில் உள்ள ‘ஆமை’க்குக் குழந்தை கட்டளையிட வேண்டும். ஐம்பது அடி முன்னே போ, தொண்ணூறு பாகை வலப்பக்கம் திரும்பு. இதை நான்கு முறை செய் என்றால் ஆமை சதுரம் வரையும். அடுத்து முக்கோணம் வரையச் சொன்னால், சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பாடத்தில் படித்த குழந்தை 60 என்றே கொடுக்கும். மூன்று முறை செய்தும் ஆமை புறப்பட்ட இடத்துக்கு வராமல், மூடாத கோடொன்று திரையில் நிற்கும். ஆமை திரும்ப வேண்டியது வெளிக்கோணமான 120 பாகை என்பதைக் குழந்தை தானே தன் உடம்பைத் திருப்பிப் பார்த்துக் கண்டுகொள்ளும். பிழையைத் தேடித் திருத்தும் இந்தப் பழக்கமே கணினிக் கல்வியின் உயிர் என்று பேப்பர்ட் 1980இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார்.

இதற்கிடையே 1972இல் ஆர்தர் லூர்மன், கணினி மாணவனுக்குப் பாடம் நடத்த வேண்டுமா, மாணவன் கணினிக்குப் பாடம் நடத்த வேண்டுமா என்ற கேள்வியை எழுப்பி, இரண்டாவதே கல்வி என்று வாதிட்டார். சோவியத் அறிஞர் ஆந்திரேய் எர்ஷோவ், 1981இல் லோசான் நகரில் நடந்த உலக மாநாட்டில், நிரலாக்கம் மனிதகுலத்தின் இரண்டாவது எழுத்தறிவு என்றார். அவர் முயற்சியால் 1985இல் சோவியத் உயர்வகுப்புகளில் கணினியியல் பாடமானது. பெரும்பாலான பள்ளிகளில் அப்போது கணினி கிடையாது. மாணவர்கள் தாளில் நிரல் எழுதி, ஒவ்வொரு படியாக மனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். கருவி குறைந்த ஊர்ப் பள்ளிகளுக்கு இன்றும் துணிவு தரும் சான்று இது.

பிரிட்டனில் பிபிசி நிறுவனம் கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கி, ஏகார்ன் நிறுவனம் உருவாக்கிய ‘பிபிசி மைக்ரோ’ கணினியை 1981 இறுதியில் வெளியிட்டது; 1982 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடரும் வந்தது.

இந்தியா: கிளாஸ் திட்டம்

அதே பிபிசி மைக்ரோவைக் கொண்டுதான் இந்தியா பள்ளிக் கணினிக் கல்வியைத் தொடங்கியது. மத்தியக் கல்வி அமைச்சகமும் மின்னணுவியல் துறையும் இணைந்து 1984-85இல் ‘கிளாஸ்’ எனப்பட்ட, பள்ளிகளில் கணினி எழுத்தறிவுக்கான திட்டத்தைச் சுமார் 250 பள்ளிகளில் சோதனை முறையில் செயல்படுத்தின. அந்தக் கணினியின் நினைவகம் 32 கிலோபைட். மின்விசையைப் போட்டதும் படமோ பட்டியலோ வராது. கட்டளைக்காகக் காத்திருக்கும் ஒரு குறி திரையில் நிற்கும். மாணவர் ஏதாவது எழுதினால்தான் கணினி வேலை செய்யும். பாட மென்பொருள்கள் ஆங்கிலத்தில் இருந்ததும், ஆசிரியர் பயிற்சி குறுகியதாக இருந்ததும் திட்டத்தின் வீச்சைக் குறைத்தன.

இதன் தொடர்ச்சியாக 2004 டிசம்பரில் பள்ளிகளுக்கான தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டமும், 2012இல் அதற்கான தேசியக் கொள்கையும் வந்தன. கேரளம் 2001இல் தனி இயக்கம் தொடங்கி, கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு பத்தாம் வகுப்பு வரை கணினியைப் பாடமாக்கி முன்னோடியாயிற்று.

தமிழ்நாடு

தமிழ்நாடு அரசு 1997இல் தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. மாணவர் தாய்மொழியிலேயே கணினியில் எழுதுவது எளிதாயிற்று. 1990களின் இறுதியிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாகக் கணினி அறிவியல் பரவலாயிற்று. தொகுப்பூதியத்தில் வந்த கணினிப் பயிற்றுநர்களே அப்பாடத்தைத் தாங்கி நிறுத்தினர்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், பள்ளி ஆய்வகத்தில் இருவர் மூவராகப் பகிர்ந்த கருவியை மாணவரின் வீட்டுக்கே கொண்டு சேர்த்தது. வீட்டில் முதன்முதலாகக் கணினி வந்தது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப் பையோடுதான் என்ற நிலை கரிசல் ஊர்களில் பொதுவானது. 2018-19இல் தொடங்கிய புதிய பாடத்திட்டம், ஆறாம் வகுப்பிலிருந்தே அறிவியல் நூலுக்குள் கணினி அலகுகளைச் சேர்த்தது: எட்டாம் வகுப்பில் லிப்ரெ ஆபிஸ் கால்க், பத்தாம் வகுப்பில் ஸ்கிராட்ச், பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான்.

நோக்கங்கள்

இக்கல்வியின் நோக்கங்களை நான்காகப் பகுக்கலாம்.

1. கையாளுதல்: கோப்புகளை உருவாக்கிச் சேமித்தல், ஆவணம் எழுதுதல், அட்டவணை அமைத்தல், தகவல் தேடுதல்.
2. சிந்தித்தல்: சிக்கலைச் சிறு படிகளாகப் பிரித்தல், நிபந்தனை வகுத்தல், பிழை திருத்தல். 2006இல் ஜெனெட் விங் எழுதிய கட்டுரைக்குப் பின் இது கணினிவழிச் சிந்தனை என்று பேசப்படுகிறது.
3. குடிமை: இணையவழி அரசுச் சேவைகளைத் தானே பெறுதல், பொய்ச் செய்தியையும் மோசடியையும் இனங்காணுதல், தன் விவரங்களைக் காத்தல்.
4. தொழில்: மேற்படிப்புக்கும் வேலைக்கும் அடித்தளம் இடுதல்.

இவற்றுள் இரண்டாவதே தலையாயது. மென்பொருள்கள் சில ஆண்டுகளில் மாறிவிடும். சிந்திக்கும் முறை நிலைக்கும். இங்கிலாந்துகூட அலுவலக மென்பொருள் பயிற்சியாகச் சுருங்கிப்போன தன் பாடத்தை விலக்கி, 2014இல் நிரலாக்கத்தை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டத்துக்கு மாறியது. தமிழ்நாட்டிலோ, பாடம் தமிழில் நடக்கும்போதே முதல் தலைமுறை மாணவரிடம் இச்சிந்தனை வேர்பிடிக்கிறது.

கரிசல் வட்டாரத்தில்

எடுத்துக்காட்டாகக் குளத்தூரைப் பார்க்கலாம். அது தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில், தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர். வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் விளையும் மானாவாரிப் பகுதி. கிளாஸ் திட்டம் தொடங்கிய 1984இல்தான் கோவில்பட்டியை ஒட்டி நேஷனல் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டது. தீப்பெட்டி ஆலைகளுக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போய்வந்த வட்டாரத்தில், பொறியியல் படிப்பு கைக்கெட்டும் தொலைவுக்கு வந்தது.

இங்கே கணினி எழுத்தறிவின் பொருள் பயிர்க் காப்பீட்டு ரசீதில் தெரியும். ஐப்பசியில் விவசாயி அடங்கல் (பயிர்ப் பதிவுச் சான்று), ஆதார், வங்கிப் புத்தகத்துடன் இ-சேவை மையம் போகிறார். மையப் பணியாளர் விவரங்களை ஏற்றி ரசீது தருகிறார். அதில் வருவாய்க் கிராமம், புல எண், பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு எண் என்று வரிசையாக இருக்கும். பாசி விதைத்தவருக்கு உளுந்து என்று ஏறியிருந்தாலோ, புல எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலோ, மழை பொய்த்த ஆண்டில் இழப்பீடு சிக்கலாகும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ரசீதை அடங்கலோடு ஒப்பிட்டு அங்கேயே திருத்தச் சொன்னால், அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய பாடப்பயன் இல்லை. பட்டா, சிட்டா பார்க்கும் அரசு இணையதளத்திலும் இதே கவனம் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு குளத்தூர் உண்டு. மாவட்டம், வட்டம், கிராமம் என்று படிப்படியாகத் தேர்ந்தால்தான் சொந்த நிலம் திரையில் வரும். ஊரின் அன்றாட மழையளவைக் கால்க் அட்டவணையில் குறித்து, மாத வாரியாகக் கூட்டிப் பார்ப்பது எட்டாம் வகுப்புப் பாடத்தோடு நேராகப் பொருந்தும் பயிற்சி.

இன்றைய நிலை

தமிழ்நாட்டின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 6,029 உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்துள்ளன. நடுநிலைப் பள்ளிகளுக்கும் ஆய்வகங்கள் விரிந்துள்ளன. செயற்கை நுண்ணறிவும் எந்திரனியலும் பாடத்துக்குள் வரத் தொடங்கியுள்ளன. ஆறாம் வகுப்பு முதல் கணினியைத் தனிப் பாடமாக்கி, அதற்கென ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பது கணினி அறிவியலில் பி.எட். முடித்த பட்டதாரிகளின் நீண்டகாலக் கோரிக்கை.