கட்டைவிரல் நெடுநீட்டித் தசை

கட்டைவிரலின் நுனிக் கணுவை நிமிர்த்தி, விரலைப் பின்னோக்கி உயர்த்தும் முன்கைத் தசை. அல்னா எலும்பின் பின்புறத்து நடுப்பகுதியிலும் அதையடுத்த எலும்பிடைச் சவ்விலும் தொடங்குகிறது. இதன் தசைநாண் மணிக்கட்டின் முதுகில் தனி அறை ஒன்றில் ஓடி, ரேடியஸ் எலும்பின் லிஸ்டர் புடைப்பில் கப்பியில் கயிறு போலத் திரும்பி, விரலின் கடைசி எலும்பில் பதிகிறது. ரேடியல் நரம்பின் ஆழ்கிளை இதை இயக்குகிறது. விரலை விரித்தால் தோலடியில் விறைத்து நிற்கும் இந்த நாண், மூக்குப்பொடிக் குழியின் ஒரு கரை. அக்குழியின் அடியில் ரேடியல் தமனி துடிப்பதை விரல் வைத்தே உணரலாம்.

உடலை நீரில் ஊறவைத்து ஆராயும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. அது தசைகளை 500 என எண்ணுகிறது. ஐரோப்பாவில் வெசாலியஸ் (1543), அல்பினஸ் (1734) ஆகியோரின் நூல்கள் தசையியலுக்கு அடித்தளமிட்டன.

நாண் அறுபடுவது குறித்து 1876இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் துப்ளே எழுதினார். அந்நூற்றாண்டின் இறுதியில் பிரஷ்யப் படையின் முரசறைவோரிடம் ஒரு நோய் கவனத்துக்கு வந்தது. இடக்கைக் குச்சியை அவர்கள் கட்டைவிரல் இடுக்கில் தாங்கிப் பிடிப்பார்கள். நாள்கணக்கான பயிற்சிக்குப் பின் இடக் கட்டைவிரலின் நுனி தொங்கிவிடும், தானாக நிமிராது. படை மருத்துவர்கள் முதலில் இதை வாதம் என்றே கொண்டு ‘முரசறைவோர் வாதம்’ எனப் பெயரிட்டனர். பின்னர், நரம்பு கெடவில்லை, மணிக்கட்டருகே நாண்தான் தேய்ந்து அறுந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. பழைய பெயர் மட்டும் நூல்களில் நீடித்தது. முரசு தொடாதவர்களிடமும் நாண் அறுவது பின்னர் அறியப்பட்டது.

மணிக்கட்டு எலும்பு முறிந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்தும் நாண் அறுவதுண்டு. எலும்பு இடம்பெயராத எளிய முறிவில் இது கூடுதலாகக் காணப்படுவது வியப்புக்குரியது. கரடான எலும்பில் உரசியே அறுகிறது என்பர் ஒரு சாரார். குறுகிய அறைக்குள் வீக்கம் அழுத்தி, முன்பே குருதியோட்டம் குறைந்த பகுதி நலிகிறது என்பது மற்றொரு கருத்து. எங்க்விஸ்ட், லுண்ட்போரி ஆகியோரின் 1979 ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. இரண்டும் சேர்ந்தே செயல்படக்கூடும்.

நைந்த முனைகளை நேராகத் தைப்பது அரிது. ஆள்காட்டி விரலுக்கு நீட்டு நாண்கள் இரண்டு இருப்பதால் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கு இணைப்பதே பரவலான சிகிச்சை. கடன் கொடுத்த விரலும் பெரும்பாலும் நன்றாகவே நீள்கிறது.

தென்னிந்தியாவில் நாண்மாற்று அறுவைக்கு வழிவகுத்தவர், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட். தொழுநோய் பொதுவாக ரேடியல் நரம்பை விட்டுவைக்கிறது. ஆகவே கட்டைவிரலின் சிறுதசைகள் செயலிழந்த கையிலும் நெடுநீட்டி உயிருடன் இருந்து, ஈடுகொடுக்க ஆளின்றி விரலைப் பின்னிழுக்கிறது. அத்தகைய கைகளுக்குப் பிடிப்பாற்றலை மீட்டுத் தந்தது வேலூர்ப் பணி.

அண்மைக் காலத்தில், முறிவைப் பொருத்த உள்ளங்கைப் பக்கம் வைக்கும் உலோகத் தகட்டின் நீளமான திருகுகள் பின்புறம் துருத்தி நாணை அறுப்பதும் பதிவாகியுள்ளது.

பிற சிறுதசைகளும் நுனிக் கணுவை ஓரளவு நிமிர்த்துவதால் விரல் நீள்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாறலாம். உள்ளங்கையை மேசையில் பதித்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்வதே உரிய சோதனை. மணிக்கட்டு முறிவிலிருந்து தேறிவருபவருக்கு அது முடியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும்.