காளையார்கோயில் வழியே ஒரு வரலாற்றுப் பயணம்

காரைக்குடிக்கு வருவோர் பெரும்பாலும் வீடுகளைக் காணவே வருகின்றனர். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்கள், சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவர்கள், ஆத்தங்குடியில் கண்ணாடியின்மீது வார்த்தெடுக்கப்படும் வண்ணத் தளக்கற்கள் ஆகியவை எவரையும் நிறுத்தி வைக்கும். பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் புரிந்த நகரத்தார் ஈட்டிய பொருளின் அடையாளங்கள் அவை. ஆயினும் மாளிகைகளை மட்டும் கண்டு திரும்புவோர், சிவகங்கைச் சீமையின் வரலாற்றைக் காணாமலே செல்கின்றனர். அதனைத் தேடுவோர் சிறுவயல் வழியே காளையார்கோயிலுக்குச் செல்ல வேண்டும்.

காளையார்கோயிலில் 1772 ஜூன் 25 அன்று சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் போரில் வீழ்ந்தார். தாக்கியவை ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் படையும் ஆங்கிலக் கம்பெனியின் படையுமாகும். வெற்றிக்குப்பின் சிவகங்கைக்கு 'உசேன் நகர்' என்றே பெயர் மாற்றப்பட்டது. இதனைச் சமயப் போராகச் சித்திரிப்போர் அடுத்த நிகழ்ச்சியைக் கூறாது விடுகின்றனர். கணவரை இழந்த அரசி வேலு நாச்சியார் விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அமைச்சர் தாண்டவராய பிள்ளை, ஐயாயிரம் குதிரை வீரரையும் ஐயாயிரம் காலாட்களையும் வேண்டி மைசூரின் ஹைதர் அலிக்கு மடல் எழுதினார். ஹைதரிடம் அரசி உருதுவில் உரையாடினார் என்று கூறுவர். ஹைதர் அளித்த துணையோடு 1780-இல் அவர் சிவகங்கையை மீட்டார். நாட்டைப் பறித்தவரும் முஸ்லிம், மீட்கத் துணை நின்றவரும் முஸ்லிம். நவாபுக்கும் கம்பெனிக்கும் ஹைதர் பகைவர் என்பதால் அவரது உதவியில் அரசியல் நோக்கம் இல்லாமலில்லை. எனினும் எட்டாண்டுகள் நாடிழந்து வாழ்ந்த ஓர் அரசிக்கு அது வாழ்வளித்தது என்பதை மறுக்க இயலாது.

இதே மண்ணில் 1801-இல் அடைக்கலம் மீண்டும் போருக்கு வித்திட்டது. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் தப்பிவந்த ஊமைத்துரையை மருது சகோதரர்கள் சிறுவயலில் ஏற்றனர். ஒப்படைக்குமாறு கம்பெனி கேட்டது, அவர்கள் மறுத்தனர். ஜூன் மாதத்தில் சின்ன மருது வெளியிட்ட திருச்சிராப்பள்ளிப் பிரகடனம் பிராமணர் முதல் முஸ்லிம்கள் வரை எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்தது. அந்நாளில் அத்தகைய அழைப்பு அரிது. அக்காலத்தில் சிறுவயலுக்கும் காளையார்கோயிலுக்கும் இடையே அடர்ந்த காடு இருந்தது. ஆங்கிலேயர் ஒரு மாதமாக மரங்களை வெட்டிப் பாதை அமைத்தும் அவ்வழியே முன்னேற இயலாது பின்வாங்கினர். பின்னர் வேறு வழியே வந்து அக்டோபர் முதல் நாளில் காளையார்கோயிலைக் கைப்பற்றினர். இன்று அந்த நெடுங்காட்டைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். மருதிருவர் எழுப்பிய உயர்ந்த கோபுரமும், அதன் எதிரே அவர்தம் சமாதியும் மட்டும் நிலைத்துள்ளன.

திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24 அன்று சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி, பிறரோடு 1802-இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்ற ஆங்கிலப் படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1818-இல் அங்கே துரைசாமியைச் சந்தித்ததைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். முப்பதைச் சற்றே கடந்திருந்த அவர், வெல்ஷின் கண்களுக்குத் தளர்ந்த முதியவராகத் தோன்றினார்.

திருப்பத்தூரிலிருந்து மேலூர் நோக்கிச் செல்லும் வழியில் வேட்டங்குடிப் பறவைகள் காப்பகம் உள்ளது. 1977-இல் அறிவிக்கப்பட்ட இக்காப்பகத்தின் கண்மாய்களுக்கு மழைக்காலத்தையொட்டி நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூடுகட்ட வருகின்றன. அரசு ஆணைக்கு முன்பிருந்தே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி மக்கள் அவற்றைக் காத்து வருகின்றனர். பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்பதால் தீபாவளியன்றும் இவ்வூர்களில் எவரும் வெடி கொளுத்துவதில்லை.