வெள்ளை மாளிகை: இழுத்துக் கட்டுவதா, இடம் மாறுவதா?



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அந்தப் பழமொழியில் ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. கட்டிய வீடு பத்து வருடம் கழித்துப் போதாமல் போகும் பாருங்கள், அந்தத் தலைவலி. "இதிலேயே ஒரு ரூம் இழுத்துக் கட்டிக்கலாமா, இல்ல வித்துட்டுப் பெரிசா வேற பார்க்கலாமா?" என்று ஒரு பேச்சு ஆரம்பித்தால் அது தீபாவளிக்குத் தீபாவளி ஓடும். முடிவு மட்டும் வராது.

இந்தப் பேச்சு ஒரு வீட்டில் நூறு வருடத்துக்கும் மேல் ஓடியிருக்கிறது. அதுவும் சாதாரண வீடு இல்லை. வாஷிங்டனில் இருக்கும் வெள்ளை மாளிகை! அமெரிக்க ஜனாதிபதிக்கு வீடு பற்றாமல் போகுமா என்று கேட்காதீர்கள். போயிருக்கிறது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. பி.காம். படிக்கிறவன் சொல்லும் சரித்திரம் என்பதால் நடுவில் கொஞ்சம் வரவு செலவும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த வீட்டில் குடியிருப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். ஜனாதிபதி ஒரு வாடகைதாரர் மாதிரி. நாலு வருட ஒப்பந்தம், அதிர்ஷ்டம் இருந்தால் எட்டு வருடம். வீட்டுக்காரர் நாடாளுமன்றம். ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் பெரும்பாலும் அங்கிருந்துதான் காசு வர வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1792 அக்டோபர் 13ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். வடிவமைத்தவர் அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் ஹோபன். இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் 1800 நவம்பர் 1ஆம் தேதி குடிவந்தபோது வேலையே முடியவில்லை. இன்று பெரிய பெரிய விழா நடக்கும் கிழக்கு அறையில் அவர் மனைவி அபிகெயில் கொடி கட்டித் துணி காயப்போட்டாராம்! அப்போது இடம் தாராளம். குடும்பத்துக்குத் தேவைக்கு மேல் வீடு இருந்தது.

முதல் சோதனை 1814 ஆகஸ்ட் 24ஆம் தேதி வந்தது. பிரிட்டிஷ் படை ஊருக்குள் புகுந்து மாளிகைக்குத் தீ வைத்தது. மிஞ்சியது கருகிப்போன வெளிச்சுவர்கள்தான். நியாயமாக அன்றைக்கே இடம் மாறியிருக்கலாம். வாஷிங்டன் அப்போது சேறும் புழுதியுமான சின்ன ஊர். தலைநகரையே வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நாடாளுமன்றத்தில் பலமான குரல் எழுந்தது. அக்டோபரில் ஓட்டெடுப்பு நடந்தது. போகலாம் என்றவர்கள் 74 பேர், வேண்டாம் என்றவர்கள் 83 பேர். ஒன்பதே ஓட்டு! ஊர் போய்விடுமோ என்று பயந்த வாஷிங்டன் வங்கிகள் கட்டிடங்களைத் திரும்பக் கட்ட 5 லட்சம் டாலர் கடன் தர முன்வந்தன. தலைநகர் போனால் தங்கள் நிலமும் தொழிலும் படுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன.

அதே ஹோபனையே கூப்பிட்டு அதே இடத்தில் அதே மாதிரி கட்டச் சொன்னார்கள். 1817இல் ஜனாதிபதி மன்ரோ குடியேறினார். எதிரி கொளுத்திய வீட்டைச் சீக்கிரம் எழுப்பிக் காட்ட வேண்டும் என்று அவசரம். அந்த அவசரத்தில் உள்தடுப்புச் சுவர்கள் சிலவற்றைச் செங்கல்லுக்குப் பதில் மரத்தில் கட்டிவிட்டார்கள். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 130 வருடம் கழித்து இதற்கு வட்டி கட்டப் போகிறார்கள்.

அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்று சேர்த்துக்கொண்டே போனார்கள். 1833இல் தண்ணீர்க் குழாய். 1848இல் கேஸ் விளக்கு. 1891இல் மின்சாரம். (சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசனும் அவர் மனைவியும் பயந்தது தனிக் கதை.) ஒவ்வொரு முறையும் குழாய்க்கும் கம்பிக்கும் வழிவிட உத்தரங்களில் வெட்டினார்கள், குடைந்தார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் வசதி. உள்ளே மரம் இளைத்துக்கொண்டே வந்தது.

இடம் மாறும் பேச்சும் கூடவே ஓடியது. ஆற்றோரச் சதுப்பு நிலம், கோடையில் கொசு, காய்ச்சல். ஆபிரகாம் லிங்கனின் மகன் வில்லி 1862 பிப்ரவரியில் அந்த வீட்டில்தான் காய்ச்சலில் இறந்தான். அந்தக் கோடையிலிருந்து லிங்கன் ஊருக்கு வெளியே மேட்டில் இருந்த முதிய படைவீரர் இல்ல வளாகத்தில் ஒரு வீட்டுக்குப் போய்த் தங்கினார். 1862, 63, 64 மூன்று வருடமும் அப்படித்தான். காலையில் குதிரையில் ஆபீஸ், சாயங்காலம் வீடு. பாதி இடமாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1867இல் ராணுவப் பொறியாளர் மேஜர் மிக்லர் புது மாளிகைக்கு இடம் பார்த்து அறிக்கையே கொடுத்தார். மெரிடியன் ஹில் என்ற மேடும் அதில் ஒன்று. காரியம் நடக்கவில்லை. 1898இல் மேரி ஹெண்டர்சன் என்ற பணக்காரப் பெண்மணி அதே மெரிடியன் ஹில்லில் ஜனாதிபதிக்கு மாளிகை கட்டலாம் என்று பால் பெல்ஸ் என்ற கட்டிடக் கலைஞரை வைத்துப் படமெல்லாம் போட்டார். பெரிய மனசு என்று நினைக்கிறீர்களா? அந்தப் பகுதியில் அம்மணிக்கும் அவர் கணவருக்கும் ஏராளமான நிலம் இருந்தது! ஜனாதிபதி பக்கத்து வீட்டுக்காரர் ஆனால் கிரவுண்டு என்ன விலைக்குப் போகும் என்று நம் ஊர் தரகரைக் கேட்டால் சொல்வார். அதுவும் நடக்கவில்லை. பிற்பாடு அரசு அந்த நிலத்தை வாங்கிப் பூங்கா ஆக்கிவிட்டது.

சரி, உண்மையிலேயே வீடு அவ்வளவு சின்னதா? இங்கேதான் சுவாரசியம். அப்போது குடும்பம் படுப்பதும் ஜனாதிபதி வேலை பார்ப்பதும் ஒரே மாடியில். கிழக்குப் பக்கம் ஆபீஸ், மேற்குப் பக்கம் படுக்கையறைகள். சிபாரிசு கேட்டு வருகிற கூட்டம் படியேறி மேலேயே வந்து நிற்கும். பெஞ்சமின் ஹாரிசன் காலத்தில் (1889-93) அவர் மனைவி கரோலின் நாலு தலைமுறைச் சொந்தங்களை ஐந்து படுக்கையறை, ஒரு குளியலறையில் வைத்துக் குடித்தனம் நடத்தினார். போதாததற்கு எலித்தொல்லை வேறு.

அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. பிரெடரிக் ஓவன் என்பவரைக் கொண்டு திட்டம் போட்டார். பழைய வீடு அப்படியே இருக்கும். மேற்கே அலுவலகத்துக்கு ஒரு கட்டிடம், கிழக்கே கலைப் பொருட்களுக்கு ஒரு கட்டிடம். செனட் ஒப்புக்கொண்டது. கீழ்ச்சபையில் சபாநாயகர் தாமஸ் ரீட் அதை எடுக்கவே விடவில்லை. தன் மாநிலத்தில் ஒரு சுங்க அதிகாரி பதவிக்குத் தான் சொன்ன ஆளை ஹாரிசன் போடவில்லை என்ற கோபம்தான் காரணம் என்று சொல்வார்கள். கடைசியில் கையில் வந்தது ரிப்பேர் செலவுக்கு 35,000 டாலர். கரோலின் 1892இல் காசநோயால் அதே வீட்டில் இறந்துபோனார்.

அவர் கேட்டதில் பாதி பத்து வருடம் கழித்துக் கிடைத்தது. 1901இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆறு குழந்தைகளோடு வந்து இறங்கினார். இனி முடியாது என்ற நிலை. 1902இல் சார்லஸ் மெக்கிம் என்ற கட்டிடக் கலைஞர் செய்த முக்கியமான வேலை, வீட்டைப் பெரிதாக்கியது அல்ல. ஆபீஸை வீட்டிலிருந்து வெளியே தூக்கி வைத்தது! பக்கத்தில் தற்காலிகமாக என்று சொல்லி ஒரு கட்டிடம் போட்டார்கள். அந்தத் "தற்காலிகம்"தான் இன்றைக்கு நாம் செய்திகளில் கேட்கும் மேற்குப் பகுதி, வெஸ்ட் விங். அந்த வருடம் மொத்தச் செலவு சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம் டாலர்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. நூறு வருடமாக எல்லோரும் "வீடு சின்னது" என்றே பேசினார்கள். வீட்டுக்குள் இருக்கக்கூடாத ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு காசு கொடுக்க இத்தனை வருடம் ஆனது.

ஆனால் மெக்கிம் வேறொன்றும் செய்தார். விருந்து அறையைப் பெரிசாக்க ஒரு படிக்கட்டையும் பாரம் தாங்கிய ஒரு சுவரையும் எடுத்தார். மேல்தளத்தைப் பரணில் இருந்து இரும்பால் தொங்கவிட்டார்கள். 1927இல் கூலிட்ஜ் காலத்தில் கூரை பழுது என்று அந்தப் பரணையே இரும்பும் கான்கிரீட்டுமாக முழு மாடி ஆக்கினார்கள். கீழே இருப்பதோ 1817இன் அவசரக் கட்டுமானம். மேலே புது மாடி.

நம் தெருக்களில் இதைத் தினமும் பார்க்கலாம். ஒரு தளத்துக்கென்று அஸ்திவாரம் போட்ட வீடு. பையனுக்குக் கல்யாணம் என்று மேலே ஒரு மாடி, வாடகைக்கு விடலாம் என்று அதற்கு மேல் ஒன்று. கொத்தனாரிடம் டைல்ஸ் விலை கேட்போம், அஸ்திவாரம் தாங்குமா என்று கேட்க மாட்டோம். எங்கள் வீட்டிலும் அப்பா மாடி எடுக்கலாம் என்கிறார், அம்மா வேறு வீடு பார்க்கலாம் என்கிறார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் பேசுகிறார்களே தவிர, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் பேசவில்லை.

வெள்ளை மாளிகையின் பில் 1948இல் வந்தது. ட்ரூமன் ஜனாதிபதி. சரவிளக்கு தானாக ஆடுகிறது, தரை அசைகிறது. அவர் மகள் மார்கரெட்டின் பியானோ கால் ஒன்று தரையைப் பொத்துக்கொண்டு கீழ் அறைக் கூரையில் எட்டிப் பார்த்தது! பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டு, முதலில் வெளியே போங்கள் என்றார்கள். நவம்பரில் குடும்பம் எதிர்ப்பக்கம் இருந்த பிளேர் ஹவுஸுக்கு மாறியது.

இப்போது மறுபடி அதே கேள்வி. மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா? 1949இல் நாடாளுமன்றம் ஒரு குழு போட்டது. வெளிச்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுவதையும் எடுத்துவிடலாம் என்று முடிவானது. ஒதுக்கிய பணம் 54 லட்சம் டாலர். 1902இல் செலவழித்ததைப் போலப் பத்து மடங்கு. இடையில் ஏறிய விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம்தான். சுவருக்கு அடியில் ஆழமாகத் தோண்டிப் புது அஸ்திவாரம் போட்டார்கள். உள்ளே இரும்புச் சட்டம். சுவரில் பெரிய ஓட்டை போட ட்ரூமன் சம்மதிக்காததால் புல்டோசரைப் பிரித்து உள்ளே கொண்டுபோய்த் திரும்பப் பூட்டினார்கள்.

தற்காலிக வீடு என்பதற்கும் ஒரு விலை இருந்தது. பிளேர் ஹவுஸின் வாசல் நடைபாதையை ஒட்டியே இருக்கும். 1950 நவம்பர் 1ஆம் தேதி இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்து ட்ரூமனைக் கொல்லப் பார்த்தார்கள். அவர் தப்பினார். காவலர் லெஸ்லி காஃபெல்ட் உயிர் போனது. எந்தப் பட்ஜெட்டிலும் எழுதாத செலவு இது.

1952 மார்ச் 27ஆம் தேதி ட்ரூமன் திரும்பக் குடியேறினார். அவர் பதவி முடிய இருந்தது பத்தே மாதம். தனக்கு அவ்வளவாகப் பயன்படாத ஒரு அஸ்திவாரத்துக்காக மூன்று வருடத்துக்கு மேல் வெளியே இருந்த ஒரே வாடகைதாரர் அவர்தான். மற்றவர்கள் விளக்குப் போட்டார்கள், அறையைப் பெரிதாக்கினார்கள். அவரவர் காலத்தில் அது லாபமாகத்தான் தெரிந்தது. தேய்மானத்துக்கு ஒதுக்கி வைக்காத கம்பெனியும் வருடா வருடம் லாபம் காட்டும், மெஷின் நிற்கிற நாள் வரைக்கும்.

ஆக, அவர்கள் இடம் மாறவே இல்லை என்று சொல்கிறோம். ஆனால் இன்று உள்ளே போகிறவர்கள் நடப்பது 1952இன் வீட்டில். லிங்கன் காலத்துத் தரையும் பூச்சும் பெரும்பாலும் குப்பையாகப் போய்விட்டன. பழைய விலாசத்தில் புது வீடு! கடைசிவரை அவர்களால் விட முடியாதது அந்த விலாசம்தான். அதற்கு ஒரு மதிப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விலாசத்துக்காகத்தான் இருக்கிறோம் என்று 1867லேயே சொல்லிவிட்டு அப்போதே அஸ்திவாரத்தைப் பார்த்திருந்தால், 80 வருட ஒட்டுவேலை மிச்சமாகியிருக்கும்.

பேச்சு இன்னும் ஓயவில்லை. 2025 அக்டோபரில் கிழக்குப் பகுதிக் கட்டிடத்தை இடித்தார்கள். விருந்தாளிகளுக்கு இடம் போதவில்லை, பெரிய மண்டபம் வேண்டும் என்பது காரணம். கரோலின் அம்மாள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்திருக்கிறதா? இழுத்துக் கட்டினீர்களா, மாறிப்போனீர்களா? முக்கியமாக, அஸ்திவாரத்தைப் பார்த்தது யார்? பின்னூட்டத்தில் எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பஞ்சாயத்துக்கு உதவும்.