எட்டு ஸ்லாட்டா, ரெண்டு ஸ்லாட்டா?

புதுசா கம்ப்யூட்டர் வாங்கப் போற வீட்டுல எல்லாம் வர்ற விவாதம் இது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் மதர்போர்டு, ராம், கேபினெட்னு தனித்தனியா வாங்கி அசெம்பிள் பண்ணலாமா? இல்ல, ஸ்க்ரீனுக்குள்ளயே எல்லாம் அடங்கின ஆல்-இன்-ஒன் வாங்கி, பிளக்கைச் சொருகிட்டு வேலையைப் பார்க்கலாமா? இப்போ வந்த குழப்பம்னு நினைக்காதீங்க. கிட்டத்தட்ட 50 வருஷப் பழைய சண்டை. இன்னிக்கு அந்தக் கதைதான்.

ஆரம்பத்துல இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1975 ஜனவரியில், அமெரிக்காவின் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகை அட்டையில் ஆல்டெர் 8800 வந்தது. பெரும்பாலானவங்க அதை கிட்டாதான் வாங்கினாங்க. தபால்ல வரும், சால்டரிங் அயர்னை எடுத்து நீங்களேதான் பத்தவைக்கணும். கீபோர்டு கிடையாது, ஸ்க்ரீன் கிடையாது. முன்பக்கம் சுவிட்சுகளும் குட்டி விளக்குகளும்தான். மெமரி 256 பைட், அதாவது ஒரு கிலோபைட்டில் கால்வாசி! அடுத்த வருஷம் ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைச்ச ஆப்பிள் 1-ம் வெறும் போர்டுதான். பெட்டியும் கீபோர்டும் வாங்கினவர் பொறுப்பு.

1977-ல பாதை ரெண்டா பிரிஞ்சது. ஸ்க்ரீன், கீபோர்டு, கேசட் டிரைவ் எல்லாத்தையும் ஒரே உடம்புல வச்சு 'கமடோர் பெட்' வந்தது. அதே வருஷம்தான் ஆப்பிள் 2. அதுக்குள்ள எத்தனை ஸ்லாட் வைக்கறதுன்னு ஆப்பிளுக்குள்ளயே சண்டை. ரெண்டு போதும், பிரிண்டருக்கு ஒண்ணு, மோடத்துக்கு ஒண்ணுன்னார் ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டு வேணும்னு பிடிவாதமா நின்னார் வாஸ்னியாக். வாஸ்னியாக்தான் ஜெயிச்சார். ஃப்ளாப்பி டிரைவ் அந்த ஸ்லாட் வழியாதான் வந்தது. மைக்ரோசாஃப்ட்கூட அதுக்கு ஒரு கார்டு தயாரிச்சு வித்தது. ஆப்பிள் 2 குடும்பம் 1993 வரைக்கும் விற்பனையில இருந்தது.

1984-ல ஜாப்ஸோட முறை. மெக்கின்டாஷ். 9 அங்குல ஸ்க்ரீனும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியில. ராம் 128 கிலோபைட். ஸ்லாட்? ஒண்ணுகூட இல்லை. திறக்கலாம்னா, வீட்டு ஸ்க்ரூடிரைவர் பொருந்தாத டார்க்ஸ் ஸ்க்ரூ, அதுலயும் ரெண்டு கைப்பிடிக் குழிக்குள்ள ஆழமா. வேடிக்கை என்னன்னா, பெட்டியோட உட்புறச் சுவர்ல அதை உருவாக்கின குழுவோட கையெழுத்துகள் பொறிச்சிருந்தாங்க. யாரும் திறக்கக்கூடாதுன்னு மூடின பெட்டிக்குள்ள!

ஆனா 128 கிலோபைட் பத்தாதுன்னு அந்தக் குழுவுக்கே தெரியும். ஹார்டுவேர் வடிவமைப்பாளர் பர்ரெல் ஸ்மித், பின்னாடி 512 கிலோபைட் வரைக்கும் போக போர்டுல சத்தமில்லாம வழி விட்டு வச்சார். அதே வருஷம் செப்டம்பர்ல 512 கிலோபைட் மாடலே வந்துடுச்சு. ஜனவரியில வாங்கினவங்க? காசு கொடுத்து போர்டையே மாத்தணும். சிலர் மறுபடி சால்டரிங் அயர்னைக் கையில எடுத்தாங்க. 1985-ல ஜாப்ஸ் வெளியேறினார். 1987-ல வந்த மெக்கின்டாஷ் 2-ல ஆறு ஸ்லாட்.

இதுக்கு நடுவுல, 1981-லயே ஐபிஎம் பிசி 5 ஸ்லாட்டோட வந்திருந்தது. சர்க்யூட் படங்களையும் பயாஸ் நிரலையும் புத்தகமா அச்சடிச்சே வித்தாங்க. பயாஸ் காப்புரிமைக்கு உட்பட்டது. அதனால காம்பேக் அதைக் காப்பியடிக்காம, அதே மாதிரி வேலை செய்யற ஒண்ணைத் தானே எழுதுச்சு. மத்தவங்களும் வரிசையா வந்தாங்க. யார் செஞ்ச பாகமும் யார் பெட்டியிலயும் பொருந்தற நிலைமை வந்தது. நம்ம ஊர் அசெம்பிள்டு பிசியோட பூர்வீகம் அதுதான்.

அதுக்காக ஆல்-இன்-ஒன்னை மட்டம் தட்ட முடியாது. 1998-ல வந்த ஐமேக், ஒயரைக் கண்டாலே பயந்தவங்களையும் இன்டர்நெட்டுக்குக் கூட்டிட்டு வந்தது. யூஎஸ்பி வந்தப்புறம் ஜாப்ஸ் சொன்ன பிரிண்டருக்கும் மோடத்துக்கும் உள்ள ஸ்லாட்டே தேவைப்படலை. அந்த விஷயத்துல அவர் கணக்கு சரிதான். தப்பினது மெமரி கணக்கு. எவ்வளவு போதும்னு அவரே முடிவு பண்ணினார், எட்டு மாசம்கூடத் தாங்கலை.

அதனால, நீங்க எதை வாங்கினாலும் சரி. இன்னும் நாலு வருஷம் கழிச்சு உங்க தேவை மாறும், அது நிச்சயம். கடையில பில் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணா, இதுல ராம் மாத்த முடியுமா, இல்ல போர்டோட பத்தவச்சிருக்கா?" 1984-ல மேக் வாங்கினவங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.