நாலு பேருக்குக் கால் மரத்துப்போன கதை

1/ மக்களே, ஒரு மருந்தால் ஏதோ ஆகுதுன்னு சந்தேகம் வந்தா, அதை ஏன் எழுதி அனுப்பணும்? "உறுதியா தெரியாம எப்படி எழுதறது" என்று தயங்கும் எங்க டாக்டர், நர்ஸ்களுக்கும், மருந்து சாப்பிடும் உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வரலாறு.

2/ 1957 அக்டோபர். மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. ரொம்பப் பாதுகாப்பானது என்று விளம்பரம். மசக்கை வாந்திக்குக் கர்ப்பிணிகளும் சாப்பிட்டார்கள். அடுத்த வருஷம் பிரிட்டனுக்கும் போனது.

3/ ஸ்காட்லாந்தில் லெஸ்லி ஃப்ளாரன்ஸ் என்று ஒரு குடும்ப மருத்துவர். இந்த மாத்திரையை ஒன்றரை வருஷத்துக்கு மேல் சாப்பிட்ட அவரோட நோயாளிகள் நாலு பேருக்குக் கை கால் மரத்துப்போச்சு. மாத்திரைதான் காரணமா? அவருக்கு நிச்சயமில்லை. இருந்தாலும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்கு ஒரு கடிதம் போட்டார், வேற யாராவது இதைப் பார்த்தீங்களா என்று. வெளியான நாள் 1960 டிசம்பர் 31.

4/ அமெரிக்காவிலும் இதை விற்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டு நெருக்கிக்கிட்டு இருந்தது. விண்ணப்பம் இருந்தது எஃப்.டி.ஏ. மருத்துவர் பிரான்சிஸ் கெல்சியின் மேசையில். 1961 பிப்ரவரியில் அந்தக் கடிதம் அவர் கண்ணில் பட்டது. பெரியவங்க நரம்பையே பாதிக்குதுன்னா, வயித்துல இருக்கற குழந்தைக்கு என்ன ஆகும்? கம்பெனியிடம் ஆதாரம் கேட்டார். அனுமதி கடைசிவரை கிடைக்கலை.

5/ 1961 நவம்பரில் ஜெர்மன் மருத்துவர் லென்ஸும், டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் மெக்பிரைடும் உண்மையைச் சொன்னார்கள். கை கால் வளராமல் பிறந்த குழந்தைகள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல் என்று கணக்கு. அமெரிக்காவில் சாம்பிளாகக் கொடுத்த மாத்திரைகளால் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டன. கடைக்கு வந்திருந்தால்? யோசிச்சுப் பாருங்க.

6/ மத்த நாடுகளில் ஏன் இவ்வளவு தாமதம்? ஒவ்வொரு டாக்டரும் பார்த்தது ஒண்ணு ரெண்டு குழந்தை. அதையெல்லாம் ஒண்ணாச் சேர்க்க ஒரு இடம் இல்லை. அதனாலதான் 1964இல் பிரிட்டன் "மஞ்சள் அட்டை"யைக் கொண்டுவந்தது. நிரூபிக்க வேண்டாம், சந்தேகம் போதும்.

7/ நம்ம நாட்டில் 2010இல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துது. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், நோயாளி யார் வேணும்னாலும் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024.

8/ நானும் யோக்கியன் இல்லைங்க. ஜூனியரா இருந்தப்போ, மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிச்சு வந்த ஒருத்தருக்கு மருந்தை மாத்திக் கொடுத்து அனுப்பிட்டேன். எழுதலை. தெரிஞ்ச விஷயம்தானேன்னு விட்டுட்டேன். எனக்கு முன்னாடி எத்தனை பேர் இப்படி விட்டாங்களோ.

9/ உங்ககிட்ட கேக்கறது இதுதான். புது மருந்து ஆரம்பிச்ச பிறகு வித்தியாசமா ஏதாவது தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்களா மருந்தை நிறுத்தாதீங்க. அட்டையைத் தூக்கிப் போடாம எடுத்துட்டுப் போங்க. "இதை ரிப்போர்ட் பண்ணுவீங்களா டாக்டர்?" என்று கேளுங்க. நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.