பம்பாயில் காலைப் பயிற்சியும் பகல் உணவும்

ஊர் விட்டு ஊர் சென்று வாழும் நம் தமிழ் மக்கள், புதியதொரு நகரத்தின் ரயில் நிலையத்தில் இறங்கியவுடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இங்கே நல்ல மரக்கறிச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்பதே அது. தங்குமிடத்தைப் பற்றிய விசாரணைகூட அதற்குப் பின்னர்தான். அண்மைக் காலத்தில் இதனுடன் மற்றொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் முறையாக யோகாசனம் பயில இடம் உண்டா என்றும் கேட்கிறார்கள். அலுவலக வேலையாகப் பத்து நாள் தங்க வந்தவரும், முதுகுவலிக்கு மருத்துவர் சொன்ன யோசனையைக் கைவிடாமல் இருக்க விரும்புகிறவரும் இவ்வாறு விசாரிக்கக் காண்கிறோம்.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் எளிதில் விடை கிடைக்கும் நகரம் பம்பாய்; 1995-ம் ஆண்டிலிருந்து மும்பை என்று வழங்குவது. அந்த எளிமை எப்படி வந்தது என்பதைச் சிறிது ஆராயலாம். யோகம் பழையது, சோறும் பழையது. ஆயினும், மணி பார்த்து வகுப்புக்குச் சென்று ஆசனம் பயில்வதும், சீட்டு வாங்கிக்கொண்டு முன்பின் அறியாதவரோடு பந்தியில் அமர்வதும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கதையே ஆகும். அவ்விரண்டையும் பம்பாயில் உண்டாக்கியவர்களும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து அங்கே வந்து சேர்ந்தவர்களே.

கதை ஒரு தர்மசாலையில் தொடங்குகிறது. பம்பாயின் பழைய பகுதியில், லக்ஷ்மிநாராயணர் கோயிலை ஒட்டி மாதவ பாக் என்றொரு வளாகம் இருக்கிறது. வழிப்போக்கர்கள் தங்கிச் செல்வதற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் தருமவான்கள் அமைத்த இடம் அது. 1916-ம் ஆண்டு பரமஹம்ஸ மாதவதாஸர் என்னும் முதிய யோகி அங்கே வந்து தங்கினார். நர்மதை நதிக்கரையில் மால்ஸர் என்ற ஊரில் ஆசிரமம் வைத்திருந்தவர் அவர். செயின்ட் ஸேவியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மணிபாய் ஹரிபாய் தேசாய் என்ற குஜராத்தி இளைஞரை ஒரு நண்பர் அவரிடம் அழைத்துச் சென்றார். சாமியார்களிடத்தில் அவ்விளைஞருக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. எனினும் அந்தச் சந்திப்புக்குப் பிறகு அவர் கல்லூரியைத் துறந்து மால்ஸருக்கே சென்றுவிட்டார். மகன் காவியுடுத்திக்கொண்டு விடுவானோ என்று தந்தையார் கலங்கியதில் வியப்பில்லை.

மகன் காவி உடுத்தவில்லை. குருவினிடம் கற்றவற்றுள், நோயாளிகளுக்கு யோக முறையால் பணிவிடை செய்யும் பயிற்சியே அவர் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. உலகைத் துறந்தவனுக்கு மட்டும் உரியது யோகம் என்ற எண்ணம் அந்நாளில் ஆழ வேரூன்றியிருந்தது. குருவினிடமிருந்து சீடனுக்கு, அதுவும் நெடுநாள் சோதித்த பின்னர், மறைவாகக் கொடுக்கப்படும் வித்தை என்றே மக்கள் அதனைக் கருதினார்கள். மனைவி மக்களோடு வாழ்ந்து, காலையில் வேலைக்குப் போய் மாலையில் களைத்துத் திரும்பும் குடும்பஸ்தனுக்கு அதில் பங்கு உண்டு என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டியிருந்தது. மணிபாய் அதைச் சொன்னார். யோகேந்திரர் என்ற பெயரில் 1918-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி, பம்பாயை அடுத்த வெர்ஸோவாக் கடற்கரையில், முந்திய ஆண்டு காலஞ்சென்ற தாதாபாய் நௌரோஜி வாழ்ந்திருந்த இல்லத்தில், யோக நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு இரண்டொரு மாதங்களுக்கு முன்தான் இன்புளுவென்ஸா என்னும் கொள்ளை நோய் அந்நகரத்தை உலுக்கிவிட்டுப் போயிருந்தது. உடல் நலத்தைப் பற்றி ஒருவன் பேசினால் ஊர் காது கொடுத்துக் கேட்கக்கூடிய நேரம் அது.

பின்னர் யோகேந்திரர் அமெரிக்கா சென்று சில ஆண்டுகள் தங்கியதும் திரும்பியதும் தனிக் கதை. அதற்குள் நாம் புகவில்லை. 1927-ல் அவர் சீதாதேவி அம்மையாரை மணந்தார். பெண்களுக்கு ஏற்ற ஆசனங்களைப் பற்றி அவ்வம்மையார் 1930-களில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். யோகப் பயிற்சியைப் பற்றிப் பெண்ணொருவர் பெண்களுக்கென எழுதிய முன்னோடி நூல்களுள் அதுவும் ஒன்று. அக்காலத்தில் இது சாதாரணத் துணிவன்று. இல்லத்தரசி ஒருத்தி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பாயில் அமர்ந்து ஆசனம் பயில்வதைக் கண்டு ஊரார் என்னென்ன பேசியிருப்பார்கள் என்பதை நம் பாட்டிமார்கள் நன்றாகவே ஊகித்துச் சொல்வார்கள். 1948-ல் இந்நிலையம் ஸாந்தாகுருஸுக்கு இடம் பெயர்ந்தது. இன்றும் அங்கேயே நடந்து வருகிறது.

மாதவதாஸரிடம் பயின்ற இன்னொருவர் ஜகந்நாத் கணேச குணே. 1883-ல் பிறந்த இவர் ஸ்வாமி குவலயானந்தர் என்ற பெயரால் உலகுக்கு அறிமுகமானார். தம் சகமாணவரைக் காட்டிலும் இவருக்குச் சந்தேகம் அதிகம். அந்தச் சந்தேகம் நமக்குப் பெரும் நன்மை செய்தது என்பது எம் கருத்து. நௌலி என்று ஒரு கிரியை உண்டு. வயிற்றை உள்ளிழுத்து, நடுவயிற்றுத் தசையை மட்டும் கயிறுபோல் முன்னே தள்ளுவது அது. அதைச் செய்யும் யோகி, நீரில் அமர்ந்து பெருங்குடலுக்குள் நீரைத் தானே ஈர்த்துக்கொள்ள முடியும் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. இது எங்ஙனம் கூடும்? குருவருள் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டுப் போயிருக்கலாம். இவரோ அழுத்தமானியைக் கையில் எடுத்தார். நௌலி செய்யும்போது குடலினுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை விடக் குறைந்துவிடுகிறது என்பதை அளந்து கண்டார். நீர் உள்ளே ஏறுவதன் காரணம் அதுவே. அந்த வெற்றிட நிலைக்குத் தம் குருவின் பெயரையே சூட்டினார். பரோடாவில் எக்ஸ்-ரே கருவியின் துணையோடும் சோதனைகள் செய்தார். 1924-ல் லோணாவாலாவில் கைவல்யதாமம் என்னும் ஆசிரமத்தைத் தொடங்கி, சோதனை முடிவுகளை வெளியிடுவதற்காக 'யோக மீமாம்ஸா' என்னும் பத்திரிகையையும் அவ்வாண்டிலேயே ஆரம்பித்தார். 1927-ல் இரத்த அழுத்தத்தால் நலிவுற்றிருந்த காந்தியடிகள் இவருடன் கடிதம் வாயிலாக ஆலோசனை நடத்தினார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

லோணாவாலா மலைமேல் இருக்கிறது. பம்பாய்வாசியோ தினந்தோறும் அலுவலகம் போகவேண்டியவன். ஆகவே 1932-ல் பம்பாயில் ஒரு கிளை திறக்கப்பட்டது. 1936-ல் அது சௌபாத்திக்கு அருகே மெரீன் டிரைவ் கடற்கரைச் சாலைக்கு மாறியது. ஈஸ்வர்தாஸ் சுனிலால் என்பவர் பெயர் தாங்கிய அந்த யோக ஆரோக்கிய நிலையத்துக்குச் சர்னி ரோடு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

மூன்றாமவரைப் பற்றிச் சொல்லும்போது சோற்றையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. கோலார் மாவட்டத்துப் பெல்லூரில், யோகேந்திரர் நிலையம் தொடங்கிய அதே 1918 டிசம்பரில், ஒரு ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவர் பி. கே. எஸ். ஐயங்கார். பிள்ளைப் பருவம் முழுதும் நோய். மைசூரில் தம் அக்காள் கணவராகிய கிருஷ்ணமாசாரியாரிடம் யோகம் பயின்று, 1937-ல், பதினெட்டு வயதில், பாஷை தெரியாத பூனாவுக்கு ஆசிரியராக அனுப்பப்பட்டார். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு தட்டுச் சோறும், மற்ற வேளைகளில் தேநீரும் குழாய்த் தண்ணீருமாக வயிற்றை நிரப்பிக்கொண்ட நாட்கள் உண்டு என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். ஊருக்கெல்லாம் உடலை வளர்க்கக் கற்பித்தவன் தன் வயிற்றுக்குத் திண்டாடினான் என்பதைப் படிக்கும்போது, வெளியூரில் முதல் மாதச் சம்பளத்துக்குக் காத்திருந்த நம்மவர் ஒவ்வொருவருக்கும் தம் நினைவு வரும். 1952-ல் பம்பாயில் பிடில் மேதை யெஹூதி மெனுஹின் அவரைச் சந்தித்தார். அதன் பின்னர் அவர் புகழ் கடல் கடந்தது. வார இறுதிகளில் பூனாவிலிருந்து ரயிலேறி வந்து பம்பாயில் வகுப்பு நடத்தும் வழக்கத்தை அவர் நெடுங்காலம் கைக்கொண்டிருந்தார்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பம்பாயில் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கானாவள் என்னும் வீட்டுச் சாப்பாட்டு விடுதிகள் இருந்தன. ஒரு குடும்பத்து அம்மாள் மாதக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சமைத்துப் போடுவாள். கிராபர்ட் மார்க்கெட்டுக்கு அருகே சர்தார் கிருகம் போன்ற தங்கும் விடுதிகளும் ஏற்பட்டன; லோகமானிய திலகர் 1920-ல் உயிர் நீத்தது அங்கேதான். ஆனால் தெற்கேயிருந்து தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வந்திறங்கிய பாலக்காட்டு, தஞ்சாவூர், திருநெல்வேலி இளைஞனுக்குச் சப்பாத்தி இரண்டு நாள் புதுமை. மூன்றாம் நாள் ரசத்துக்கு மனம் ஏங்கும்.

அவன் போய்ச் சேர்ந்த இடம் மாதுங்கா. அதுவும் ஒரு நோயின் விளைவாக எழுந்த பேட்டையே. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது, காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளே அதற்குக் காரணம் என்று கருதினார்கள். 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அதன் திட்டப்படி வடக்கே தாதர், மாதுங்காப் பகுதிகளில் அகன்ற சாலைகளும் தோட்டங்களும் வகுக்கப்பட்டன. 1920-களிலும் 1930-களிலும் தென்னிந்தியர் அங்கே திரளாகக் குடியேறினர். கோயிலும் பஜனையும், 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றின. கூடவே உணவகங்களும் வரிசையாக எழுந்தன. 1937-ல் பாலக்காட்டு அன்பர் ஒருவர் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோம், 1942-ல் ஏ. ராம நாயக் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. ராம நாயக் தென் கன்னடத்துச் சிற்றூரிலிருந்து பாலகனாக வந்து, சமையலறை எடுபிடியாகத் தொடங்கி முன்னேறியவர். உலக யுத்தத்தின் நடுவே, அடுத்த ஆண்டே நகரத்தில் ரேஷன் வரவிருந்த வேளையில், வயிறாரச் சோறு போடும் இடம் ஒன்றைத் திறப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இங்கே கசப்பான செய்தியொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மரக்கறி உணவகம் என்பது அந்நாளில் எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. நாட்டின் பல நகரங்களில் சாதி பார்த்துப் பந்தி பிரித்தார்கள். பெயர்ப் பலகையிலேயே அதை எழுதியும் வைத்தார்கள். சமையல் எவ்வளவு சுத்தமாக இருந்தென்ன, வாயிற்படியில் நிறுத்தப்பட்டவனுக்கு அந்தச் சுத்தத்தால் பயன் யாது? 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி, மதம் முதலியவற்றின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. அதன் பின்னும் 1957-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில், பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. யோகத்தை மறைவிலிருந்து வெளியே கொணர்ந்தவர்களைப் போற்றுகிறோம். பந்தியைப் பொதுவாக்கியவர்களையும் அவர்களோடு வைத்தே எண்ணுதல் தகும்.

இன்று பம்பாய் செல்லும் நேயர்களுக்கு இரண்டொரு வார்த்தை. ஆசனம் வெறும் வயிற்றில் பயிலவேண்டியது. நன்றாகச் சாப்பிட்டிருந்தால் மூன்று நான்கு மணி நேரமாவது கழியவேண்டும் என்பார்கள். ஆகவே காலை வகுப்பை முதலில் வைத்துக்கொண்டு, பிறகு மாதுங்காவுக்கு ரயிலேறுவதே முறை. மரக்கறி என்பதனாலேயே ஓர் உணவு உடம்புக்கு நல்லதாகிவிடாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 1937-ல் டால்டா நம் நாட்டுக்கு வந்ததிலிருந்து, மரக்கறிப் பண்டங்களில் வனஸ்பதியின் ஆட்சியை நாம் போதிய அளவு பார்த்துவிட்டோம். எண்ணெயில் பொரித்த வடையையும் போண்டாவையும் தள்ளி, சோறு, பருப்பு, கூட்டு, ரசம், மோர் என்று அமைந்த சாப்பாட்டைத் தேடுகிறவருக்கு அந்தப் பேட்டை ஏமாற்றம் தருவதில்லை.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. வயிற்றில் கால் பங்கு வெறுமையாக இருக்கும்படி உண்ணவேண்டும் என்பது ஹடயோக நூல்கள் விதிக்கும் மிதாகாரம். மாதுங்காவில் அளவுச் சாப்பாடு, அளவில்லாச் சாப்பாடு என்று இரு வகைச் சீட்டுகள் தருவதுண்டு. சென்ற முறை ஸாந்தாகுருஸில் காலை வகுப்பை முடித்துக்கொண்டு, மிதாகாரத்தைப் பற்றி ஆசிரியர் சொன்னதை மனத்தில் அசைபோட்டவாறே மாடிப்படி ஏறினோம். அளவுச் சாப்பாட்டுக்கு என்று எண்ணிய பணம் கையில் தயாராகவே இருந்தது. உள்ளேயிருந்து மிளகு ரசத்தின் வாசனை வந்தது. மற்றச் சீட்டையே வாங்கினோம்.