ஆவி பிடித்தல்: ஒரு சொல்லின் மருத்துவ வரலாறு

எல்லைப்புறப் பேச்சுவழக்குகளைத் தொகுக்கையில் ஒரு வினை என்னை நிறுத்தியது. மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழரும் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைத் தமிழரும் சளி கட்டினால் 'ஆவி பிடி' என்பர். மலையாளத்தார் 'ஆவி பிடிக்குக' என்பர். 1956இல் மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்தன, இவ்வினை பிரியவில்லை. மூச்சின் வழியே சென்றால் மருந்து நோயைத் தொடும் என்னும் நம்பிக்கை இதில் உறைந்திருக்கிறது. அது எவ்வளவு மெய்?

சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இந்நாட்டார் ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகை பிடிப்பதை அறிந்திருந்தார். அவரிடமிருந்து ஜெனரல் ஜென்ட் வழியாக 1802இல் அம்முறை பிரிட்டனை எட்டியது. ஊமத்தை, சுருங்கிய மூச்சுக்குழலைத் தளர்த்தும். ஆயினும் நுரையீரலில் குடியேறிய பாக்டீரியாவை ஒழிக்காது.

1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவித்தபின், கார்பாலிக் அமிலம், கிரியோசோட்டு, தைலமர எண்ணெய் முதலியவற்றின் ஆவியை நோயாளிகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்தனர். கிருமிநாசினி ஆவி கிருமியைக் கொல்லும் என்ற கணக்கு பொய்த்தது, காசம் தணியவில்லை.

விடை சென்னையிலிருந்து வந்தது, ஆனால் ஆவியாக அன்று. 1956இல் தொடங்கிய சென்னை வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மறுபகுதியினரைச் சானடோரியத்திலும் வைத்து ஐசோனியசிட், பாஸ் ஆகியவற்றை ஓராண்டு உட்கொள்ளச் செய்தது. 1959இல் வெளியான முடிவு: இரு சாராரும் ஏறத்தாழ ஒருபோலத் தேறினர். குணமாக்கியது மலைக்காற்று அன்று, தவறாமல் விழுங்கிய மருந்தே.

எனினும் பழைய வழி முற்றும் மூடவில்லை. காசம் தீர்ந்த பின்னும் சிலருக்கு மூச்சுக்குழல் விரிந்து, சளி தேங்கி, பாக்டீரியா தங்குகிறது. இந்தியாவில் அத்தகைய 2,195 நோயாளிகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட பதிவேட்டில், 35.5 விழுக்காட்டினருக்குக் காசநோயே மூலகாரணம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில் நுரையீரலைப் பற்றும் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு, நெபுலைசரில் சுவாசிக்கும் டோப்ராமைசினை 1997இல் அமெரிக்கா ஏற்றது. பெருந்துளிகள் தொண்டையிலேயே படிந்துவிடும்; ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துளிகளே ஆழ்ந்து செல்லும். பழைய ஆவிக்கு வாய்க்காத இரண்டு, கிருமியைக் கொல்லும் மருந்தும் துளியின் அளவும், இப்போது ஒன்றுசேர்ந்தன.

ஆகவே நண்பர்களே, ஆவி பிடியுங்கள்; அடைத்த மூக்குக்கு இதமளிக்கும். ஆனால் இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆவி தரும் இதத்தை நம்பிக் காத்திருக்கும் நாள்களில் கிருமி பெருகிக்கொண்டே இருக்கும்.